டயருக்கு ஒரு பக்கம், பகைக்கு ஒரு பக்கம்: நாஸ்கார் பார்க்கப் புதிதாகக் கிளம்புகிறவருக்கு

அப்பாவுக்கு நாமக்கல்லில் டயர் ரீட்ரேடிங் பட்டறை. லாரி வந்து நின்றால் டிரைவரிடம் எதுவும் கேட்கமாட்டார். குனிந்து டயரை உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். "பிரேக்குல காலை வச்சுக்கிட்டே வந்திருக்கான்", "இந்தப் பக்கம் காத்து கம்மி", "ஓவர்லோடு அடிச்சிருக்கான்" என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். மறுத்துப் பேசிய டிரைவரை நான் பார்த்ததில்லை.

நான் இப்போது இருப்பது வட கரோலினாவின் சார்லட்டில். நாஸ்கார் என்ற அமெரிக்க கார் பந்தயத் தொடரின் அணிகளில் பெரும்பாலானவற்றின் பட்டறைகள் இந்த ஊரைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஆனாலும் வந்து ஏழு வருஷம் நான் பந்தயத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. செக்குமாடு மாதிரி இடப்பக்கமாகவே சுற்றும் காரில் என்ன பார்ப்பது என்று நினைத்திருந்தேன். ஆபீஸ் நண்பர் ஒருவர் டார்லிங்டனுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே பிட்டில், அதாவது பந்தய நடுவே டயர் மாற்றிப் பெட்ரோல் போடும் இடத்தில், கழற்றி உருட்டிய டயரை பைனாகுலரில் பார்த்ததும் அப்பாவின் கை ஞாபகம் வந்துவிட்டது. அன்று முதல் வருஷம் தவறாமல் போகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதி வைக்கிறேன்.

முதலில் மைதானம். டயரைப் பார்க்க வேண்டுமென்றால் டேடோனாவுக்கும் டாலடேகாவுக்கும் போகாதீர்கள். அங்கே கூட்டமாக ஒட்டிக்கொண்டு, முன்னால் போகிறவன் காற்றைப் பிடித்து ஓடுவதுதான் வித்தை. டயர் அங்கே பெரிதாகப் பேசாது. தென் கரோலினாவின் டார்லிங்டனுக்குப் போங்கள். 1.366 மைல் தடம், ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல், முட்டை மாதிரி. நிலத்தைக் கொடுத்தவர் தன் மீன்குட்டையைத் தொடக்கூடாது என்றாராம், அதனால் ஒரு பக்கத்தை ஒடுக்கிக் கட்டினார்கள். தார் சொரசொரப்பு. ரப்பரை அரம் போல ராவிவிடும்.

1950-ல் அங்கே நடந்த முதல் சதர்ன் 500-ஐ ஜெயித்தவர் ஜானி மான்ட்ஸ். 75 கார்கள் புறப்பட்டதில் அவர் 43-வது இடத்தில் நின்றார். வண்டி ஒரு பிளிமத், வேகம் ஒன்றும் கிடையாது. மற்றவர்கள் சாதாரண கார் டயரில் பறந்து, வெடித்து, மாற்றி, மறுபடி வெடித்துக்கொண்டிருந்தபோது அவர் லாரிக்குப் போடும் கெட்டி டயரில் நிதானமாக உருண்டு எல்லோரையும் தாண்டிப் போய்விட்டார். இதைப் போனில் சொன்னபோது அப்பா சிரிக்கக்கூட இல்லை. "வேற எப்படி ஜெயிக்கறது?" என்றார்.

எடுத்துப்போக வேண்டியவை: காதடைப்பான், ஸ்டாப்வாட்ச் உள்ள போன், பைனாகுலர், பேனா, ஒரு ரூல் போட்ட நோட்டு. கூடவே ஸ்கேனர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். டிரைவரும் அணித் தலைவரும் பேசிக்கொள்வது ஒளிவுமறைவில்லாமல் கேட்கும். இருக்கை மேல் வரிசையில் வேண்டும். கம்பி வேலிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் மஜா என்று நம்பி முதல் வருஷம் கீழே உட்கார்ந்தேன். தேய்ந்த ரப்பர் துணுக்குகள் பறந்து வந்து சாண்ட்விச்சில் எள்ளு தூவின மாதிரி விழுந்தன. அந்தத் துணுக்குகளை இங்கே கோலிக்குண்டு என்கிறார்கள். தடத்தின் வெளிவிளிம்பில் அவை குவிந்துவிட்டால் கார் அங்கே போனதும் வழுக்கும். மேலே உட்கார்ந்தால் யார் எந்தக் கோட்டில் ஓட்டுகிறார் என்பதும் தெரியும், சாப்பாடும் சுத்தமாக இருக்கும்.

நோட்டில் இடப்பக்கத் தாள் டயருக்கு. இருபது முப்பது கார்களைத் துரத்தாதீர்கள், இரண்டே போதும். ஒன்று முன்னணியில் இருப்பவர், இன்னொன்று ஏழெட்டு இடம் பின்னால் சத்தமில்லாமல் வருபவர். புது டயர் போட்டு வெளியே வந்ததும் சுற்று நேரத்தை எழுதுங்கள். பிறகு ஐந்து சுற்றுக்கு ஒருமுறை எழுதினால் போதும். 30 நொடியில் தொடங்கியவர் 25 சுற்று கழித்து 32 நொடிக்கு இறங்கியிருப்பார். அந்த இரண்டு நொடிதான் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை. எவருடைய நேரம் மெதுவாக இறங்குகிறதோ அவர் டயரைக் காப்பாற்றுகிறார். முதல் ஐந்து சுற்றில் தலைதெறிக்கப் பறப்பவரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இறங்கும் நேரத்தை வைத்து யார் எப்போது பிட்டுக்குள் வருவார் என்று நீங்களே சொல்லலாம். பழைய டயர் 32, புது டயர் 30 என்று வையுங்கள். நீங்கள் நான்கு சுற்று முன்பே உள்ளே போய்ப் புது டயர் போட்டால், எதிராளி வெளியே இருக்கும் அந்த நான்கு சுற்றில் எட்டு நொடி சம்பாதிக்கிறீர்கள். அவர் ஐந்து நொடி முன்னால் இருந்தால் அது காலி. அதனால்தான் ஒருவர் உள்ளே திரும்பியதும் மற்றவர்கள் பொலபொலவென்று பின்னாலேயே விழுகிறார்கள். ஆனால் முந்திக்கொண்டு போனவருக்கு இரண்டு ஆபத்து உண்டு. ஓட்டத்தின் கடைசியில் அவர் டயர்தான் எல்லோரையும்விடக் கிழடாக இருக்கும். மற்றவர்கள் இன்னும் பிட்டுக்கு வராத அந்த இடைவெளியில் யாராவது மோதி மஞ்சள் கொடி (எல்லோரும் வேகம் குறைத்து வரிசையில் போக வேண்டும் என்ற அடையாளம்) விழுந்தால், அவர் ஒரு சுற்று பின்தங்கி மாட்டிக்கொள்வார். மஞ்சள் கொடி விழுந்ததும் ஸ்கேனரில் அணித் தலைவரின் மௌனத்தைக் கேளுங்கள். கெட்ட வார்த்தை அதற்கு அப்புறம்தான் வரும்.

பிட் வேலையில் அதிகம் மயங்க வேண்டாம். 2022 முதல் சக்கரத்துக்கு ஒரே நட்டு, 18 அங்குல வளையம். நான்கு டயரும் பெட்ரோலும் சேர்த்துப் பத்து நொடி சுற்றளவில் முடிந்துவிடும். அதற்கு முன் ஐந்து நட்டு, 15 அங்குலம். கவனிக்க வேண்டியது, கழற்றிய டயரோடு ஒருவர் என்ன செய்கிறார் என்பது. டயரில் ஆங்காங்கே சின்னத் துளைகள் இருக்கும். மேலே ஒட்டின பழைய ரப்பரைச் சூடுகாட்டிச் சுரண்டி எடுத்துவிட்டு, துளையின் ஆழத்தை அளந்து எவ்வளவு பட்டன், அதாவது தேய வேண்டிய மேல் ரப்பர், மிச்சம் என்று சொல்வார். அந்தத் தகவல் போனபின் அணித் தலைவரின் குரலே மாறும். பெரும்பாலும் வலப்பக்க முன் டயர்தான் முதலில் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் காட்டும், இடப்பக்கமே திரும்பும் காரின் பாரத்தை அதுதான் தாங்குகிறது.

"டைட்" என்று டிரைவர் சொன்னால் முன்பக்கம் திரும்ப மறுத்துச் சுவரை நோக்கிப் போகிறது. "லூஸ்" என்றால் பின்பக்கம் வழுக்குகிறது. டைட்டான காரை ஸ்டியரிங்கை இன்னும் ஒடித்துத் திருப்பினால் முன் டயர் சாகும். லூஸான காரில் ஆக்ஸிலேட்டரை முந்தி மிதித்தால் பின் டயர் சாகும். டயரைக் காப்பது என்றால் இவ்வளவுதான்: வளைவுக்குள் கொஞ்சம் முன்பே காலை எடு, வெளியே வரும்போது கொஞ்சம் பொறுத்து மிதி. சொல்ல எளிது. பின்னால் ஒருவன் பம்பரை முட்டிக்கொண்டிருக்கும்போது செய்து பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு பாடம் வேண்டுமென்றால் 2024 மார்ச் 17 பிரிஸ்டல் பந்தயத்தை எடுங்கள். டென்னஸி மாநிலத்தில் 0.533 மைல் கான்கிரீட் கிண்ணம். அன்று டயர்கள் யாரும் எதிர்பாராத வேகத்தில் தேய்ந்தன, ஐம்பது சுற்றுக்கே நூல் தெரிந்தது. முன்னணி 54 முறை கைமாறியது. கடைசியில் ஒரு சுற்றுகூடப் பின்தங்காமல் முன்னணிச் சுற்றில் மிஞ்சியது ஐந்தே கார்கள். ஜெயித்தவர் டென்னி ஹாம்லின், இரண்டாவது மார்ட்டின் ட்ரூயெக்ஸ் ஜூனியர். இருவருக்கும் வயது 43. இளவட்டங்களுக்கு மெதுவாக ஓட்டக் கை வரவில்லை. அன்று குறை சொன்னவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், பத்து வருஷத்தில் நான் பார்த்த சிறந்த பந்தயம் அதுதான்.

இனி வலப்பக்கத் தாள். இது பகைக்கு. சம்பளக் கணக்குப்பிள்ளை மாதிரி வரவு செலவு எழுத வேண்டும்: யார், யாரை, எங்கே, என்றைக்கு. ஏன் இரண்டையும் ஒரே நோட்டில் வைக்கச் சொல்கிறேன் என்றால், பெரும்பாலான சண்டைகள் டயர் வயது வித்தியாசத்தில்தான் முளைக்கின்றன. சுற்றுகள் கொஞ்சம்தான் மிச்சம், ஒருவனுக்குக் கிழட்டு டயர், ஆனால் முன்னால் இருக்கிறான். இன்னொருவனுக்குப் புது டயர், பின்னால் மாட்டிக்கொண்டான். இரண்டு பேருக்கும் தன் பக்கம்தான் நியாயம்.

1999 ஆகஸ்ட், அதே பிரிஸ்டல். கடைசி மஞ்சள் கொடியில் டெரி லபாண்ட்டி பிட்டுக்குப் போய்ப் புது டயர் போட்டார். டேல் எர்ன்ஹார்ட் போகாமல் தடத்திலேயே தங்கி முன்னணியை வைத்துக்கொண்டார். மறுபடி பச்சைக் கொடி. ஐந்தே சுற்று மிச்சம், ஐந்தாம் இடத்திலிருந்து லபாண்ட்டி ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசிச் சுற்று தொடங்கும்போது எர்ன்ஹார்ட்டையும் தாண்டிவிட்டார். ஓட்டத்தில் அவரைப் பிடிக்க எர்ன்ஹார்ட்டின் பழைய டயரால் முடியாது. பம்பரால் முடிந்தது. லபாண்ட்டி சுழன்று போனார், எர்ன்ஹார்ட் ஜெயித்தார். அவரைச் சுழற்றிவிட நினைக்கவில்லை, கூண்டைக் கொஞ்சம் உலுக்கி மிரட்டிப் பார்க்கத்தான் நினைத்தேன் என்றார் எர்ன்ஹார்ட் பிறகு. எர்ன்ஹார்ட்டுக்காக ஊரே உயிரை விடும் காலம் அது, ஆனாலும் அன்று அரங்கமே ஊளையிட்டது. என் நண்பர் இன்றும் இது சரியா தப்பா என்று தன் அண்ணனோடு சண்டை போடுகிறார். 1995-லும் இதே இடத்தில் இதே இருவர்: எர்ன்ஹார்ட் இடிக்க, லபாண்ட்டி கார் திரும்பியபடியே கோட்டைத் தாண்டி ஜெயித்தார். பழைய வரவு இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள் என்பது இதற்குத்தான்.

மோதல்களில் தரம் பிரியுங்கள். பம்பரால் லேசாகத் தள்ளி வழி கேட்பது இங்கே மரபு, பிரிஸ்டல் மாதிரி ஒரு மைலுக்கும் குறைவான குறுந்தடத்தில் அதைக் குற்றமாக யாரும் எண்ணுவதில்லை. வெளியே போகவிடாமல் சுவர்ப் பக்கம் நெருக்குவது அதற்கு அடுத்த படி. எதிராளியின் வலப் பின் மூலையில் கொக்கி போட்டு, காரை நேராகச் சுவரில் அடிக்கவைப்பதுதான் பெரிய பாவம். 2022-ல் லாஸ் வேகஸில் பப்பா வாலஸும் 2023-ல் சார்லட்டில் சேஸ் எலியட்டும் இதற்காகத்தான் ஒவ்வொரு பந்தயம் வெளியே உட்கார வேண்டிவந்தது. தண்டனையில் வாய்க்கும் பங்கு உண்டு. 2023 மார்ச்சில் ஃபீனிக்ஸில் ராஸ் சாஸ்டெய்னை இடித்த ஹாம்லின், மறுநாள் தன் பாட்காஸ்ட்டில் வேண்டுமென்றே செய்தேன் என்ற பொருளில் பேசிவிட்டார். 25 புள்ளிகளும் 50,000 டாலரும் போயின. அந்த இருவருக்கும் முந்தைய வருஷத்துக் கணக்கு ஏற்கெனவே திறந்திருந்தது.

பழி எங்கே தீரும் என்பதையும் கணிக்கலாம். பொதுவாகக் குறுந்தடத்தில்தான், அங்கே வேகம் குறைவு, தீர்ப்பவரும் பிழைத்துக்கொள்வார். 2015 அக்டோபரில் கான்சஸில், ஐந்து சுற்று மிச்சமிருக்க, முன்னணியில் இருந்த மேட் கென்செத்தை ஜோயி லொகானோ சுழற்றிவிட்டார். லொகானோவுக்கு அந்த வெற்றி தேவையே இல்லை, முந்தைய வாரமே சாம்பியன் பட்டத்துக்கான அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்டார். கென்செத்துக்கோ ஜெயித்தால்தான் வாழ்வு. இரண்டு வாரம் கழித்து மார்ட்டின்ஸ்வில். கென்செத் கார் நொறுங்கிப் பல சுற்றுகள் பின்தங்கி ஊர்ந்துகொண்டிருந்தது. முன்னணியில் வந்த லொகானோவைப் பார்த்து, காத்திருந்து, சுவரோடு சேர்த்து அடித்துவிட்டார். இரண்டு பந்தயத் தடை. கூட்டம் கைதட்டியது. இழக்க எதுவும் இல்லாதவன் யார் என்று எப்போதும் பார்த்துக்கொண்டிருங்கள்.

இடிக்காமலும் பழி தீர்க்கலாம், எனக்குப் பிடித்தது அந்த வகை. 2021 செப்டம்பர், மறுபடி பிரிஸ்டல். கெவின் ஹார்விக்கோடு உரசியதில் எலியட்டின் டயர் வெட்டுப்பட்டது. புது டயர் போட்டு வெளியே வந்த எலியட்டுக்கு இனி ஜெயிக்க வழியில்லை, ஆனால் கையில் புது டயர் இருக்கிறது. நேரே ஹார்விக்கின் முன்னால் போய் நின்று, அவருக்குப் பிடித்த கோட்டையே மறித்து ஓட்டினார். ஹார்விக் தவிக்க, எலியட்டின் அணித்தோழர் கைல் லார்சன் நான்கு சுற்று மிச்சமிருக்கும்போது தாண்டி ஜெயித்தார்.

பந்தயம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். எப்படியும் பார்க்கிங்கிலிருந்து வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகும். பைனாகுலரைப் பிட் பாதைக்குத் திருப்புங்கள். மூச்சு வாங்கிக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் குடிப்பவரை விட்டுவிடலாம். அன்று ஹார்விக் செய்ததுபோல ஹெல்மெட்டோடு இறங்கி, சுற்றும்முற்றும் பார்த்து ஒரு குறிப்பிட்ட காரை நோக்கி நடக்கிறவர் எவரோ, அவர் கார் எண்ணை வலப்பக்கத் தாளில் தேதியோடு எழுதிவிட்டு அடுத்த குறுந்தடப் பந்தயம் எந்த ஞாயிறு என்று பாருங்கள்.