பல் டாக்டர் பயமும் போதையும்: எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்ததுமே சிலர் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார்கள். விரல் கணுவெல்லாம் வெளுத்துப்போகும். எச்.ஐ.வி.யோடு வாழ்பவருக்கு ஊசி பயத்தோடு இன்னொரு பயமும் உண்டு: விஷயம் தெரிந்தால் எதிரில் இருப்பவர் முகம் மாறுமோ? குடி, கஞ்சா, வேறு போதை என்று பழக்கம் இருந்தால் அதையும் மறைக்கத் தோன்றும். இத்தனை மறைப்பதற்குப் பதில் போகாமலே இருந்துவிடலாம் என்று மனசு சொல்லும். பல் அதற்குள் வேர்வரை அரித்துவிடும்.

போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, தைரியத்துக்காக எதையாவது போட்டுக்கொண்டு போவது. உயிருக்கே ஆபத்து என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். பல் மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். மருந்து போட்ட இடத்திலேயே அதிக நேரம் நிற்க அது உதவுகிறது. கொக்கைனோ மெத்தோ (மெத்தாம்பெட்டமைன் என்ற ஊக்கப் போதை) எடுத்தவரின் இதயம் ஏற்கெனவே வேகமாக அடித்துக்கொண்டிருக்கும். அட்ரினலினும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் எகிறலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அதனால் கடைசியாக எடுத்து 24 மணி நேரமாவது ஆகும்வரை, அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள்.

சரி, ஒரு தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா? வேண்டாம். எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றோடு ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் சேர்ந்து வரும். மற்ற மருந்துகளைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியை இவை முடக்கிவிடும். மிடாசோலம், ட்ரையசோலம் போன்ற மாத்திரைகள் உடம்பிலேயே தேங்கி, மூச்சு தளரும் அளவுக்கு மயக்கத்தை ஆழமாக்கிவிடக்கூடும். மதுவும் உள்ளே இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். பயத்துக்கு மருந்து தேவைதான் என்றால், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு டாக்டரே முடிவு செய்யட்டும்.

அப்புறம் அந்தப் படிவம். பெயர், வயது எல்லாம் மளமளவென்று நிரப்பிவிட்டு, ‘புகை, மது, போதைப் பழக்கம் உண்டா?’ என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். ஒருமுறை அவமானப்பட்டவரின் தயக்கம் நியாயமானது. ஆனாலும் அந்த வெற்றிடம் உங்களையே பாதிக்கும். போதையிலிருந்து மீள நால்ட்ரெக்சோன் எடுப்பவருக்கு மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்து வேலை செய்யாது. நாள்தோறும் குடிப்பவருக்குப் பாராசிட்டமால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுபவர் இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தானாக வாங்கி நாள்கணக்கில் போட்டால் சிறுநீரகம் கெடலாம். எழுதக் கூச்சமாக இருந்தால், “டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்” என்று கேளுங்கள்.

சிகிச்சை தருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. எச்.ஐ.வி. எச்சிலால் பரவாது. கையுறையும் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் முறையும் எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான். “நீங்கள் கடைசி ஆளாக வாருங்கள்” என்று சொல்ல மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. அப்படி ஒருவரைக் காத்திருக்க வைத்தால், அவர் திரும்பி வராமலே போய்விடலாம்.

வாயில் எது வந்தாலும் வைரஸின் தலையில் போடுவதும் தவறுதான். வாய் உலர்வதற்கு மெத், கஞ்சா, சில மாத்திரைகள் என்று பல காரணங்கள் உண்டு. எச்சில் குறைந்தால் சொத்தை வேகமாகப் பரவும். போதையிலிருந்து மீள, நாக்கடியில் கரையும் புப்ரெனார்பின் மருந்தை எடுப்பவர்கள், பல்லைக் காக்க அது முழுதும் கரைந்தபின் தண்ணீரால் வாயை அலசி விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்க வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒன்று: ஹெராயின் போன்றவை பல் வலியை அமுக்கி வைத்திருக்கும். பழக்கத்தை விட்டதும், பல வருஷச் சொத்தை ஒரே வாரத்தில் குடையத் தொடங்கலாம். அந்த வலி தாங்காமல் ஒருவர் மறுபடி பழக்கத்துக்கே போய்விட்டால் எவ்வளவு பெரிய இழப்பு! மீட்பு சிகிச்சை தொடங்கும்போதே பல்லையும் காட்டிவிடுங்கள்.

பயத்தைச் சொல்லாமல் விழுங்குவதும் வேண்டாம். பல் சிகிச்சை பயத்தை அளக்கவே ஐந்து கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. மொத்த மதிப்பெண் 5 முதல் 25 வரை. 19-ஐத் தொட்டால் பயம் மிக அதிகம் என்று பொருள். ஐந்தாவது கேள்வியே ஈறில் போடும் ஊசியைப் பற்றியதுதான். முன்பு போதையை ஊசியில் ஏற்றியவருக்கு ஊசியைப் பார்த்தாலே பழைய ஏக்கம் கிளம்பலாம். அதைக் கண்ணில் படாமல் வைக்கச் சொல்லலாம், ஊசிக்கு முன் ஈறில் மரப்பு ஜெல் தடவச் சொல்லலாம். இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். முதல் நாள் வாயைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். பல டாக்டர்கள் சம்மதிப்பார்கள்.