தேயிலைத் தோட்டத்து சபையில சண்டே ஸ்கூல் எடுக்கப் போறீங்களா? நான் பாத்து கத்துக்கிட்டது

சனிக்கிழமை சாயங்காலம் ஆயர் போன் பண்ணி "நாளையில இருந்து பிரைமரி கிளாஸ நீ பாத்துக்கோம்மா, அந்த டீச்சர் திருப்பூருக்கே குடி போயிட்டாங்க"ன்னு சொல்லுவாரு. எனக்கு அப்படித்தான் வந்துச்சு. கையில ஒரு பாட புஸ்தகம், ஒரு டப்பா உடைஞ்ச க்ரேயான், எதிர்ல பதினேழு புள்ளைங்க. நீலகிரில குன்னூர் கோத்தகிரி பக்கம் சின்ன சபைகள்ல இப்ப புதுசா ஆரம்பிக்கிற தம்பி தங்கச்சிங்க என்கிட்ட "அக்கா எப்படி எடுக்கறது"ன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி முடியல, அதான் எழுதிட்டேன்.

முதல்ல ஒன்னு. புள்ளைங்களுக்கு விசுவாசத்த சொல்லிக்குடுக்கறதுன்னா வசனத்த வாயில ஏத்தறதுன்னு நெனச்சுத்தான் நானும் ரொம்ப நாள் எடுத்தேன். வசனம் வேணும், வேணாம்னு சொல்லல. ஆனா அந்த வசனத்துல இருக்குற பொருள் புள்ளைக்கு தெரிஞ்ச பொருளா இல்லன்னா அது ரிப்போர்ட் கார்டு மாதிரி ஒரு பரிசோட முடிஞ்சிரும். அதனால பாடத்த எடுத்த உடனே நான் என்னையே கேக்குற முதல் கேள்வி, இதுல வர்ற எந்த விஷயத்த இந்த மலையில இந்த புள்ள கண்ணால பாத்திருக்கு, கையால தொட்டிருக்குன்னுதான்.

தயாரிப்ப சனிக்கிழமை ராத்திரிக்கு வைக்காதீங்க. திங்கட்கிழமையே அந்த வேதபகுதிய ஒரு தடவ படிச்சிருங்க, சும்மா படிச்சா போதும். அப்புறம் வாரம் பூரா பஸ்ல போறப்ப, சமைக்கிறப்ப அது மனசுல ஓடிட்டே இருக்கும், வியாழக்கிழமைக்குள்ள ஏதாவது ஒரு உதாரணம் தானா வந்து நிக்கும். உபாகமம் ஆறாம் அதிகாரத்துல வீட்டுல உக்காந்திருக்கும்போதும் வழியில நடக்கும்போதும் பிள்ளைங்ககிட்ட பேசுன்னு சொல்லியிருக்கு இல்லையா, டீச்சருக்கும் அதேதான் வழி.

இப்ப மொழி பிரச்சனை. நாம சபையில படிக்கிற வேதாகமம் 1871ல வந்த மொழிபெயர்ப்பு, பவர் ஐயர்ங்கற மிஷனரி தலைமையில ஒரு குழு பண்ணது. அழகான தமிழ், எனக்கு அத விட மனசு வராது. ஆனா நம்ம புள்ளைங்க பாதிப்பேரு இங்கிலீஷ் மீடியம், வீட்டுல சிலர் படுக மொழி பேசுவாங்க, தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்கும். "பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்"ன்னு சங்கீதம் 121 மனப்பாடம் குடுத்தேன், ஒப்பிச்சதுங்க, அப்புறம் ஒரு பொண்ணு வந்து "பர்வதம்னா யாருக்கா"ன்னு கேட்டா. யாரோட பேருன்னு நெனச்சிருக்கா! ஜன்னல திறந்து காட்டினேன், அதோ அதுதான் பர்வதம், நீ பொறந்ததே பர்வதத்துலதான்னு. அந்த வாரத்துல இருந்து ஒவ்வொரு வசனத்துக்கும் மூணு கஷ்டமான வார்த்தைய முன்னாடியே எடுத்து பேச்சுத் தமிழ்ல சொல்லிட்டுத்தான் வசனத்துக்கே போறேன். தமிழ் படிக்கத் தெரியாத புள்ளைங்களுக்கு ஆராதனைக்கு முன்னாடி கால் மணி நேரம் எழுத்து சொல்லிக்குடுங்க, இது சண்டே ஸ்கூல் வேலை இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ராபர்ட் ரெய்க்ஸ் 1780ல இங்கிலாந்துல க்ளாஸ்டர் ஊர்ல சண்டே ஸ்கூல ஆரம்பிச்சதே வாரம் பூரா வேலைக்குப் போற ஏழைப் புள்ளைங்களுக்கு லீவு கிடைக்கிற ஒரே நாள்ல எழுதப் படிக்க சொல்லிக்குடுக்கத்தான், வேதாகமம்தான் அங்க பாட புஸ்தகம்.

ஒரு பாடத்த முழுசா சொல்றேன், எனக்கு நல்லா அமைஞ்ச பாடம் இது. யோவான் 15, திராட்சச்செடி. நம்ம புள்ளைங்க திராட்சைய கடையில தட்டுல பாத்திருக்கும், கொடிய பாத்ததில்ல. ஆனா தேயிலைய பொறந்ததுல இருந்து பாக்குது. அதுல "கனிகொடுக்கிற கொடியை சுத்தம்பண்ணுகிறார்"னு வருது, புள்ளைங்க அத தண்ணி ஊத்தி கழுவறதுன்னு புரிஞ்சிக்குது. அது கவாத்துங்க! நம்ம ஊர் கவாத்து. நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ செடிய வெட்டி விடுவாங்கல்ல, பச்சையா இருந்த தோட்டம் ஒரே நாள்ல மொட்டையா வெறும் குச்சியா நிக்கும், பாத்தா செத்துப்போன மாதிரியே இருக்கும். தோட்டத்துல கேட்டு அனுமதி வாங்கி புள்ளைங்கள கவாத்து அடிச்ச இடத்து ஓரமா கூட்டிட்டுப் போனேன். ஒன்னும் விளக்கம் சொல்லல. ஆளுக்கு ஒரு செடிய பாத்து வச்சுக்கோங்கன்னு சொல்லி ஒரு சின்ன துணி கட்ட வச்சேன். வெட்டுன இடத்த தொட்டுப் பாத்தாங்க, ஈரமா இருந்துச்சு, ஒரு பையன் மோந்து பாத்துட்டு "பச்சை வாசம் வருதுக்கா, உள்ள உசிர் இருக்கு"ன்னான். அடுத்தடுத்து போய் பாத்தோம், முதல்ல ஒன்னுமே இல்ல, புள்ளைங்களுக்கு போரடிச்சிருச்சு, சிலது வரவே மாட்டேன்னுச்சு. அப்புறம் ஒரு நாள் மொட்டைக் குச்சி பக்கத்துல செவப்பா ஊசி மாதிரி துளிர். அன்னைக்குத்தான் அந்த செடிங்க பக்கத்துலயே நின்னு யோவான் 15 வாசிச்சேன். வெட்டுனவர் செடிய விட்டுட்டுப் போயிட்டாரான்னு கேட்டேன், ஒரு குட்டி பொண்ணு சொன்னா, "இல்லக்கா, எங்கம்மா தினமும் இந்த வழியாத்தான போறாங்க, பாத்துட்டுத்தான் போவாங்க." நான் எழுதி வச்சிருந்த விளக்கத்த மடிச்சு பைல வச்சிட்டேன்.

இதுல ஒரு எச்சரிக்கை இருக்கு. அப்பா இறந்துபோன புள்ளையோ, குடியால வீட்டுல அடி வாங்குற புள்ளையோ கிளாஸ்ல உக்காந்திருக்கும். அது முன்னாடி "உன் கஷ்டம் எல்லாம் ஆண்டவர் பண்ற கவாத்து"ன்னு சொல்லவே சொல்லாதீங்க. அந்த புள்ள ஆண்டவர கத்தியோட நிக்கிற ஆளாத்தான் பாக்கும். உதாரணத்த எங்க நிறுத்தணும்னு தெரியறதுதான் டீச்சர் வேலையிலேயே கஷ்டமானது.

சிறுசுங்களுக்கு, அதாவது யூகேஜி ரெண்டாவது படிக்கிறதுங்களுக்கு உதாரணமே வேணாம், கதைய அப்படியே சொல்லுங்க. இரட்சிப்பு, நீதிமானாக்கப்படுதல் இதெல்லாம் அதுங்களுக்கு சத்தம் மட்டும்தான். காணாமப்போன ஆடு கதைய நான் மாடா மாத்தாம ஆடாவே சொல்லி, நடுவுல "உங்க வீட்டு மாடு மூடுபனில வரலன்னா அப்பா என்ன பண்ணுவாரு"ன்னு மட்டும் கேப்பேன். டார்ச் எடுப்பாரு, கூப்பிடுவாரு, சிறுத்தை வரும்னு அம்மா பயப்படும்னு அதுங்களே கதைய பாதி சொல்லி முடிச்சிரும்.

மனப்பாட வசனம் பத்தி என் தப்ப சொல்லணும். ஒரு பரிசு ஞாயித்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு வசனத்த ரெண்டு தடவ தப்பா சொன்னா, எல்லார் முன்னாடியும் "வீட்டுல என்ன பண்ற, டிவி பாக்குறியா"ன்னு கேட்டுட்டேன். அடுத்த வாரம் வரல, அதுக்கடுத்த வாரமும் வரல. மூணாவது வாரம் அவங்க லைன் வீட்டுக்கு, அதான் தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீட்டுக்கு, போய் பாத்தா அம்மா ஃபேக்டரில நைட் ஷிப்ட், இவதான் தம்பிக்கு கஞ்சி வச்சு தூங்க வைக்கிறா, வயசு பத்து. வாசப்படிலயே உக்காந்து அவகிட்ட மன்னிப்பு கேட்டேன். இப்ப எங்க கிளாஸ்ல வசனத்த தனியா யாரும் ஒப்பிக்க வேணாம், எல்லாரும் சேந்து பாடுவோம், நாமளே ஒரு மெட்டு போட்டு கை தட்டி, நாலு வாரம் ஒரே வசனம். வருஷத்துக்கு பன்னெண்டு பதிமூணு வசனம்தான் வரும், எனக்கு அது போதும், ஏன்னா அது மறக்காது.

இப்ப கஷ்டமான கேள்விங்க. நவம்பர் மழைய நமக்குத் தெரியும், 2009 நவம்பர்ல நம்ம பக்கம் மண்சரிவுல எத்தன உயிர் போச்சு, இன்னைக்கும் விடாம ரெண்டு நாள் பெஞ்சா பெரியவங்க தூங்க மாட்டாங்க. அந்த மாதிரி ஒரு மழை வாரத்துல இயேசு புயல அதட்டுன கதை பாடமா வந்துச்சு. ஏழாவது படிக்கிற பையன் எழுந்து "அப்ப எங்க பெரியப்பா வீடு இடிஞ்சப்ப ஏன் அதட்டல"ன்னு கேட்டான். கிளாஸ் அமைதியாயிருச்சு. இந்த இடத்துல நீங்க ரெண்டு விஷயம் பண்ணக்கூடாது, ஒன்னு அப்படியெல்லாம் கேக்கக்கூடாதுன்னு வாய மூட வைக்கிறது, இன்னொன்னு ஏதோ ஒரு பதில அவசரமா தச்சுக் குடுக்கறது. எனக்கும் தெரியலப்பா, எனக்கும் அது வலிக்குதுன்னு சொன்னேன். அப்புறம் சங்கீதம் 13 எடுத்து, தாவீது ஆண்டவர பாத்தே எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்னு கேக்குறாரு பாரு, உன் கேள்வி வேதாகமத்துக்குள்ளயே இருக்குன்னு காமிச்சேன். அன்னைக்கு ஜெபம் அந்த பையன்தான் பண்ணான், ரெண்டே வரி. கேள்வி கேக்குற புள்ள நம்பிக்கை போன புள்ள இல்ல, ஆண்டவரோட இன்னும் பேச்சுவார்த்தையில இருக்குற புள்ள. நீங்க பயந்தா அது பேச்ச நிறுத்திரும்.

பெரியவங்கள கிளாசுக்குள்ள கூட்டிட்டு வாங்க. யாத்திராகமம் எடுக்குறப்ப எங்க சபையில ஒரு பாட்டிய கூப்பிட்டேன். 1964ல சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தம் போட்ட பிறகு சிலோன்ல இருந்து வந்த குடும்பம். தலைமன்னார்ல கப்பல் ஏறுனது, ராமேஸ்வரத்துல இறங்குனது, மண்டபம் கேம்ப், அங்க இருந்து குளிருக்கு ஒரு போர்வை கூட இல்லாம இந்த மலைக்கு வந்து அரசாங்கத்தோட டேன்டீ தேயிலைத் தோட்டத்துல வேலைக்கு சேந்தது எல்லாம் சொன்னாங்க. கூடவே அந்த ட்ரங்க் பொட்டியயும் தூக்கிட்டு வர வச்சிருந்தேன், மூடி மேல வெள்ளை பெயிண்ட்ல நம்பர் இன்னும் மங்கலா இருக்கு. புள்ளைங்க வரிசையா வந்து அந்த நம்பர விரலால தடவிப் பாத்துச்சுங்க. இஸ்ரவேல் ஜனம் வனாந்தரத்துல முறுமுறுத்துச்சுன்னு வாசிச்சப்ப பாட்டி "நாங்களும் முறுமுறுத்தோம்தான், யாரு இல்லேன்னா"ன்னாங்க பாருங்க, நான் ஒரு மாசம் எடுத்தாலும் வராத பாடம் அது.

பக்கத்து வீட்டு இந்துப் புள்ளைங்களும் ஃப்ரெண்டோட சேந்து வரும். தாராளமா வரட்டும், ஆனா அப்பா அம்மாகிட்ட நீங்களே நேர்ல போய் சொல்லி சம்மதம் வாங்கிருங்க. பொட்ட அழிக்கச் சொல்றது, அவங்க சாமிய கொறச்சு பேசறது, படுகரோட ஹெத்தையம்மன் பண்டிகைக்கு போயிட்டு வந்த புள்ளைய எல்லார் முன்னாடியும் விசாரிக்கறது, சாக்லேட் காட்டி ஏதாவது சொல்ல வைக்கிறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஒரு புள்ளையோட வீட்ட அவமானப்படுத்திட்டு அன்பப் பத்தி பாடம் எடுக்க முடியாது.

பத்தாவதுக்கு மேல உள்ள பசங்களுக்கு, திடப்படுத்தல் வகுப்புக்கு வர்றதுங்களுக்கு, பாடத்த விட பொறுப்பு முக்கியம். கீபோர்டு, பிகினர்ஸ் பாட்டு, கேரல் ரவுண்ட்ஸ் கணக்கு எல்லாத்தையும் அவங்க கையில குடுங்க. தப்பு பண்ணுவாங்க, பண்ணட்டும்.

மே மாசம் விபிஎஸ், அதான் லீவுல நடத்துற வேதாகமப் பள்ளி, டூரிஸ்ட் சீசனோட மோதும், ஊட்டில மலர் கண்காட்சி, ரோடு பூரா வண்டி, பஸ் நேரத்துக்கு வராது, அதனால காலையில சீக்கிரமே ஆரம்பிச்சு மதியத்துக்குள்ள முடிச்சிருங்க. நம்ம மாவட்டத்துல பிளாஸ்டிக் தடை இருக்கு, புள்ளைங்கள வீட்டுல இருந்தே ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டு வர சொல்லுங்க, ஜூஸ் ஊத்த அது போதும்.

பாதுகாப்ப சும்மா ஒரு வரியில தாண்ட மாட்டேன். எந்த கிளாசுலயும் பெரியவங்க ரெண்டு பேரு, கதவு திறந்தே இருக்கணும், ஒரு புள்ளைய தனியா உள் ரூமுக்கு யாரும் கூட்டிட்டுப் போகக்கூடாது, அது எவ்வளவு பெரிய ஊழியக்காரரா இருந்தாலும் சரி. ஒரு புள்ள உங்ககிட்ட வந்து தனக்கு நடந்த பாலியல் தொல்லைய சொன்னா முதல்ல நம்புங்க, உன் மேல தப்பில்லன்னு சொல்லுங்க, அப்புறம் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கோ போலீசுக்கோ சொல்லுங்க. புள்ளைங்கள பாலியல் குற்றத்துல இருந்து பாதுகாக்குற 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சும் மறைக்கிறது குற்றம். சபை பேரு கெட்டுரும்னு கமிட்டில வச்சு பேசி முடிக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க, அந்த பேச்சுக்கு உக்காரவே உக்காராதீங்க.

கடைசியா வீட்டுக்கு அனுப்பறது. நாலு மணி ஆனா மூடுபனி இறங்கிரும், லைன் வீட்டுப் பாதையில காட்டெருமை நிக்கும். மதியத்துக்கு மேல ட்ராமா ப்ராக்டிஸ் வச்சா மூணரைக்கு முடிச்சிருங்க, ஒரே பாதையில போறதுங்கள ஒன்னா சேத்து பெரிய பையன் ஒருத்தன் கையில டார்ச் குடுத்து அனுப்புங்க, எத்தன பேரு போச்சுன்னு நோட்டுல எழுதிக்கோங்க. கடைசி வீட்டுல இருந்து "வந்துட்டாங்கக்கா"ன்னு போன் வந்த பிறகுதான் நான் சர்ச் கதவ பூட்டுவேன்.