லோடு ஏற்றினால் இழுக்காத பிக்கப்

இந்த பிக்கப் வண்டி காலியாக ஓட்டினால் பறக்கும். தக்காளிப் பெட்டி ஏற்றி மேடு ஏறினால் கரும்புகை கக்கித் திணறும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இதற்கு ஒரு பஞ்சாயத்தே நடந்தது. "இந்தக் கம்பெனி வண்டியே இப்படித்தான் அண்ணே, வித்துருங்க" என்றார் ஒருவர். அதே மாடலை வருடக்கணக்கில் ஓட்டுகிற இன்னொருவர் சண்டைக்கே வந்துவிட்டார். மெக்கானிக்கோ இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையே மாற்றச் சொன்னார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. டர்போ போனால் பெரும்பாலும் ஊளைச் சத்தமோ நீலப்புகையோ வரும். கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. இன்ஜின் ஆறியதும் இன்டர்கூலர் ஹோஸை, அதாவது டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் மாட்டியிருக்கும் ரப்பர் குழாயை, கழற்றி வளைத்துப் பார்த்தேன். குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புக்கு அடியில் நகம் நுழையும் அளவு வெடிப்பு, சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. சும்மா இருக்கும்போது மூடிக்கொள்ளும். லோடு இழுக்கும்போது காற்றழுத்தம் ஏறினால் வாய் பிளந்து காற்று கசியும்.

சரி, புது ஹோஸ், புது கிளாம்பு. புகை நின்றது. கிளாம்பை மட்டும் அளவாக முறுக்குங்கள். வெறியோடு இறுக்கினால் ரப்பரை அறுத்துவிடும்.