வேலையை விடும்போது ஹெச்ஆர் கூப்பிட்டால்

சேலத்தில் ஒரு மில்லில் பேசியது அடுத்த மில்லுக்குப் போய்ச் சேர ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அதனால் கடைசி நாளில் ஹெச்ஆர், "ஏன் போறீங்க, மனசுவிட்டுச் சொல்லுங்க" என்றால் கொஞ்சம் நிதானமாகவே பேசுங்கள். "சூப்பர்வைசர் சரியில்லைங்க" என்று ஆளைச் சொல்ல வேண்டாம். "ஷிப்ட் மாத்தினதை முந்தின நாள் ராத்திரிதான் சொல்றாங்க, ஓமலூர்ல இருந்து காலைல வந்து சேர முடியலைங்க" என்று நடந்ததைச் சொல்லுங்கள். புது இடத்தில் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். சிரித்து வைத்தால் போதும்.

அப்புறம், நீங்களும் கேளுங்கள். பெரும்பாலானோர் விடுவது இதைத்தான். வேலையிலிருந்து விடுவித்ததாகத் தரும் ரிலீவிங் லெட்டர் என்றைக்குக் கிடைக்கும்? பிஎஃப் கணக்கில் விலகிய தேதியை ஏற்றிவிடுவார்களா? அவர்கள் ஏற்றாவிட்டால், 2 மாதம் கழித்து உங்கள் பிஎஃப் எண்ணான யுஏஎன் மூலம் இணையத்தில் நீங்களே ஏற்றலாம். 5 வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) உண்டு. அதை 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம்.

நீட்டுகிற தாளில் "எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பணம் பேங்கில் ஏறியதும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.