தண்ணீர் பட்டானது, முகம் பஞ்சானது

சென்ற தீபாவளிக்குச் சித்தி மகளைச் சிங்கப்பூரில், வாயிலிருந்து நீர் பாய்ச்சும் மெர்லயன் சிலைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தேன். தண்ணீர் பட்டுத் துணிபோல வழவழவென்று விழுந்தது. அவளுக்குத்தான் இரண்டு மூக்கு. கேமராவின் ஷட்டரை நான்கு விநாடி திறந்து வைத்திருந்தேன். "அசையாதே, அசையாதே" என்று நான் கத்தியதில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பலரும் செய்கிற தவறு இது. நீர் இழையிழையாக வர எத்தனையோ விநாடி வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். மெர்லயன் வாயிலிருந்து பாய்வதும் சரி, சாங்கி விமான நிலையத்தின் ஜுவல் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டுவதும் சரி, வேகமான நீர். கால் விநாடியிலேயே இழையாகிவிடும், அரை விநாடி தாராளம். அதற்கு மேல் போகப் போக இழைகளும் அழிந்து சுண்ணாம்பு அடித்ததுபோல ஆகிவிடும். அரை விநாடி யாராலும் அசையாமல் நிற்க முடியும். நான்கு விநாடி நிற்க அவள் என்ன கோயில் சிலையா? ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் மெல்லப் பின்வாங்கும் அலைக்கு மட்டும் ஒரு விநாடிவரை போவேன். அப்போதும் ஆளை உட்கார வைத்துவிடுவேன்.

நிற்பவரை வெட்டவெளியில் அப்படியே விட்டுவிடுவது அடுத்த தவறு. கைப்பிடிக் கம்பியில் இடுப்பைச் சாய்க்கச் சொல்லுங்கள். மூச்சை விட்டு முடித்த கணத்தில் அழுத்துங்கள். முந்தானையைச் செருகிவிடச் சொல்லுங்கள். பறந்தால் அழகுதானே என்பார்கள். அரை விநாடியில் அது பறப்பதாகத் தெரியாது, கறை படிந்ததாகத்தான் தெரியும்.

பட்டப்பகலில் அரை விநாடி திறந்து வைத்தால் படம் வெளுத்துவிடும். அதனால் வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் துளையை எஃப்/22 வரை சுருக்குகிறவர்கள் உண்டு. படம் முழுவதும் மழுங்கிவிடும். ஒளியை 64 மடங்கு குறைக்கும் என்டி ஃபில்டர் என்ற கருங்கண்ணாடியை லென்ஸில் போட்டால், 1/125 விநாடி திறக்க வேண்டிய ஷட்டரை அரை விநாடி திறந்து வைக்கலாம். அதுவும் வேண்டாமென்றால் காத்திருங்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது சாய்கிறது. அதன் பிறகு கிடைக்கும் சுமார் 20 நிமிட நீல வெளிச்சத்துக்கு ஃபில்டரே தேவைப்படாது.

குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸில் படியும் ஆவியைத் துடைத்துக்கொண்டிருக்காதீர்கள். கால் மணி நேரத்தில் தானே போய்விடும்.

கேமரா முக்காலியை மரப்பலகைத் தளத்தில் வைத்தால் பக்கத்தில் ஓடுகிறவரின் காலடி அதிர்வும் படத்தில் சேர்ந்துகொள்ளும்.

எல்லாம் சரியாகச் செய்தும் கண் இமைத்துவிடலாம். ஒரே ஒரு படத்தோடு கிளம்பிவிடாமல் பத்துப் படமாவது எடுங்கள். பிறகு முக்காலியை அசைக்காமல், கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றி, 1/125 விநாடியில் ஒன்று எடுத்து வையுங்கள். தேவைப்பட்டால் அந்த முகத்தை இந்தத் தண்ணீரோடு கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். அது ஏமாற்று வேலை என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை.

சித்தி மகளுக்கு அப்படி ஒரு படம் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. இந்தத் தீபாவளிக்கு மறுபடியும் வரச் சம்மதித்திருக்கிறாள். ஒரே நிபந்தனை, நான் கத்தக் கூடாதாம்.