ஸ்டோரா, நேரடி டவுன்லோடா? கம்ப்யூட்டரில் மென்பொருள் போடும்போது செய்யும் தவறுகள்

செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவரின் லேப்டாப் போன மாதம் என்னிடம் வந்தது. பிரவுசரைத் திறந்தால் பெயர் தெரியாத ஒரு தேடல் பக்கம். மூலையில் ஓயாமல் விளம்பரம். ஃபேன் சத்தம் ரைஸ் மில் மாதிரி. "வீடியோ பார்க்கற வி.எல்.சி. மட்டும்தானுங்க தம்பி போட்டேன், வேற எதையும் தொடலீங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் டவுன்லோட் ஃபோல்டரில் இருந்தது வி.எல்.சி. என்று பெயர் ஒட்டிய வேறு ஏதோ ஒன்று. தேடியதும் தலைமாட்டில் விளம்பரமாக வந்த முதல் இணைப்பை அழுத்தியிருக்கிறார். வி.எல்.சி.யை உருவாக்கும் வீடியோலானின் நிஜமான தளம் நாலு விரல் கீழே இருந்தது.

"இனிமே எல்லாத்தையும் ஸ்டோர்லயே எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டார். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், மேக்கில் ஆப் ஸ்டோர், இவற்றைத்தான் ஸ்டோர் என்கிறோம். நியாயமான கேள்வி. ஆனால் ஸ்டோரா தளமா என்பதைவிட, அந்த மென்பொருள் செய்தவர் கையிலிருந்து நேராக வருகிறதா, நடுவில் யாராவது புகுந்திருக்கிறார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து இறங்கும் வழியில் எத்தனையோ கடைகளில் 'எஸ்டேட் காபி' என்று பாக்கெட் தொங்கும். எழுதியிருப்பதால் மட்டும் அது எஸ்டேட்டில் இருந்து வந்ததாகிவிடாது.

தேடலில் முதலில் வருவதுதான் அசல் தளம் என்று நம்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் வி.எல்.சி., 7-ஜிப், ஓ.பி.எஸ். போன்ற பிரபலமான இலவச மென்பொருள்களின் பெயரில் போலி விளம்பரங்கள் வரிசையாக வந்தன. காசு கொடுத்து வாங்கிய இடம் அது, நம்பிக்கைக்கான முத்திரை இல்லை. முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். நடுவில் ஒரு கோடு, கூடுதலாக ஓர் எழுத்து, 'டவுன்லோட்' என்ற சொல் ஒட்டியிருப்பது எல்லாம் சந்தேகத்துக்குரியவை. எனக்குத் தெரியாத மென்பொருள் என்றால் விக்கிப்பீடியா கட்டுரையின் பக்கப் பெட்டியில் இருக்கும் தள முகவரியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன்.

எல்லா மென்பொருளையும் ஒரே இடத்தில் அடுக்கி வைத்திருக்கும் டவுன்லோட் தளங்களும் இந்த வகைதான். படம் திருத்தும் கிம்ப் மென்பொருளை உருவாக்குபவர்கள், இன்ஸ்டாலரோடு வேண்டாத சரக்கைச் சேர்த்துக் கட்டும் வேலையும், ஏமாற்றும் டவுன்லோட் பட்டன் விளம்பரங்களும் பிடிக்காமல் 2013-இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தை விட்டே வெளியேறினார்கள். 2016-இல் உரிமையாளர் மாறிய பிறகு அங்கே அந்தக் கட்டு வேலை நின்றது. மற்ற பல தளங்களில் இன்னும் நிற்கவில்லை. ஜி.எஸ்.டி. டிஜிட்டல் கையெழுத்துக்கு வைத்திருக்கும் யு.எஸ்.பி. டோக்கனுக்கு டிரைவர் (அதைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மென்பொருள்) தேடி, யாரோ நடத்தும் 'இலவச டிரைவர்' தளத்துக்குப் போய் மாட்டிய ஆடிட்டர் ஆபீஸ் பையன்களை நானே பார்த்திருக்கிறேன். டிரைவரை டோக்கன் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுங்கள். கையெழுத்துப் போட உதவும் எம்சைனர் மென்பொருளை ஜி.எஸ்.டி. போர்ட்டலே கொடுக்கிறது, அங்கேயே எடுங்கள்.

சரி, ஸ்டோருக்குப் போனால் கண்ணை மூடிக்கொள்ளலாமா? கூடாது. 2023 நவம்பரில் கிரிப்டோ காசு வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் லெட்ஜர் லைவ் பெயரில் ஒரு போலி, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. நீக்குவதற்குள் பல லட்சம் டாலர் போய்விட்டது. ஸ்டோரில் சல்லடை உண்டு, ஆனால் ஓட்டை இல்லாத சல்லடை இல்லை. ஆப்பின் பெயருக்குக் கீழே வெளியீட்டாளர் பெயர் இருக்கும். அதைப் பார்க்காமல் 'இன்ஸ்டால்' அழுத்தாதீர்கள்.

விலை விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. பெயிண்ட் டாட் நெட், கிருதா இரண்டும் அவரவர் தளத்தில் இலவசம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் காசு. இது ஏமாற்று இல்லை. ஸ்டோரில் போட்டிருப்பதும் அவர்களேதான். தானாக அப்டேட் ஆகும், கொடுத்த காசில் பெரும்பகுதி உழைத்தவர்களுக்குப் போகும். வேண்டுமானால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் தளத்தில் சும்மா எடுத்துக்கொள்ளலாம். சம்பந்தமே இல்லாத ஒருவர் இலவச மென்பொருளுக்குப் புதுப் பெயர் வைத்து விற்றால் அது வேறு கதை.

ஸ்டோர் பதிப்பும் தளத்துப் பதிப்பும் ஒன்றே என்று நினைப்பதும் தவறு. ஆப்பிள் 2012 ஜூன் முதல் மேக் ஆப் ஸ்டோருக்கு வரும் ஆப்கள் ஒரு வேலிக்குள்தான் ஓட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நீங்கள் அனுமதித்த ஃபைல்களைத் தவிர வேறெதையும் அவை தொட முடியாது. குறிப்பெழுதவும் படம் திருத்தவும் இது நல்லது, சொல்லப்போனால் நான் அதைத்தான் விரும்புவேன். ஆனால் முழு டிஸ்க்கையும் பேக்கப் எடுக்கும் மென்பொருள் அந்த வேலிக்குள் மூச்சு முட்டிப்போகும். அதனால்தான் அந்த வகை மென்பொருள் பலவும் ஸ்டோருக்கே வருவதில்லை, வந்தாலும் கைகால் கட்டிய பதிப்பாக வரும். வாங்கும் முன் உருவாக்கியவரின் தளத்தில் இரண்டு பதிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். நேர்மையானவர்கள் வெளிப்படையாக எழுதியிருப்பார்கள்.

இனி நான் செய்த தவறு. ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் கம்ப்யூட்டரைச் சரி செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். மழைக்காலம், மேலே நெட் வரும் போகும் என்று தெரியும். அதனால் சேலத்திலேயே எல்லா இன்ஸ்டாலரையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். அங்கே போய்ச் சொருகினால், கொண்டுபோன குரோம் ஃபைல் வெறும் சில எம்.பி. அது மென்பொருளே இல்லை. நெட்டில் இருந்து மென்பொருளை இழுத்து வரும் ஆள் மட்டும்தான். முழுதும் உள்ளே இருக்கும் ஆஃப்லைன் இன்ஸ்டாலரைத் தனியாகத் தேடி எடுத்திருக்க வேண்டும். விடுதிக்காரர் காபி கொடுத்தார், பனியைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சிக்னலுக்குக் காத்திருந்தேன். மலையில் இருப்பவர்களுக்கு நேரடி டவுன்லோட் தரும் பெரிய வசதியே கீழே எடுத்து மேலே கொண்டுபோவதுதான். ஸ்டோர் ஆப்பை அப்படித் தூக்கிப் போவது லேசில்லை. ஃபைல் அளவை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம், கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது. ஐந்து ரோடு பக்கம் ஒரு ஸ்டுடியோவில், வேலை பார்த்த பையனின் ஆப்பிள் ஐ.டி.யில் எடிட்டிங் ஆப்பை வாங்கினார்கள். கடைக் காசு, பையன் ஐ.டி. அவன் கோயம்புத்தூருக்கு வேலை மாறிப் போனதும் ஆப்பும் அவனோடு போய்விட்டது. ஸ்டோரில் வாங்கியதை இன்னொரு ஐ.டி.க்கு மாற்றித் தர மாட்டார்கள். கடைக்கென்று ஒரு ஐ.டி. முதலிலேயே போடுங்கள். நேரடியாக வாங்கினால் லைசென்ஸ் சாவி மெயிலில் வரும். அதைப் பிரிண்ட் எடுத்து பில் ஃபைலில் சொருகி வையுங்கள். லேப்டாப்பிலேயே வைத்திருந்தால், லேப்டாப் போகும் அன்று சாவியும் போகும்.

விண்டோஸ் நீல நிற எச்சரிக்கைப் பெட்டி காட்டி "தெரியாத ஆப்" என்று தடுத்தால் உடனே 'ரன் எனிவே' அழுத்தாதீர்கள். புதிதாக வந்த சின்ன டெவலப்பரின் நல்ல மென்பொருளுக்கும் அந்த எச்சரிக்கை வரும், உண்மைதான். ஆனால் ஊரறிந்த மென்பொருளுக்கு வந்தால், ஃபைல் அசலா என்று சந்தேகப்பட வேண்டும். ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பகுதியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

அசல் தளத்திலேயே கோளாறு நடந்ததும் உண்டு. 2017 மே 2 முதல் 6 வரை, வீடியோ மாற்றும் ஹேண்ட்பிரேக்கின் டவுன்லோட் சர்வர்களில் ஒன்றில் மேக் பதிப்பை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். தளத்தில் போட்டிருக்கும் எஸ்.எச்.ஏ.-256 எண்ணோடு (ஃபைலின் கைரேகை மாதிரி, ஃபைல் கொஞ்சம் மாறினாலும் இதுவும் மாறிவிடும்) ஃபைலை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் தப்பினார்கள். விண்டோஸில் ஃபைல்களைச் சுருக்கும் 7-ஜிப் இருந்தால், ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து அந்த எண்ணைப் பார்க்கலாம். தினமும் யாரும் இதைச் செய்யப் போவதில்லை, நானும் செய்வதில்லை. பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் போடுவதற்கு மட்டும் செய்வேன்.

தளத்திலிருந்து எடுத்ததை அப்படியே மறந்துவிடுவது மற்றொன்று. ஸ்டோர் ஆப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். நேரடியாகப் போட்டதில் சில கேட்கும், சில வாயே திறக்காது. விண்டோஸில் விங்கெட் என்ற கட்டளை, போட்டிருப்பவற்றில் எதற்கெல்லாம் புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று பெரும்பாலும் காட்டிவிடும்.

கொலுசுக்கார அண்ணனின் லேப்டாப்பை முழுசாக அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். அதற்கு முன் அவர் போனிலிருந்து பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றச் சொன்னேன். மாட்டிய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து மாற்றினால் புதுப் பாஸ்வேர்டும் அந்தப் போலியை அனுப்பிய ஆள் கைக்கே போய்விடலாம். இப்போது எதை எடுப்பதானாலும் முகவரியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது சரியாங்களா தம்பி?" என்று கேட்கிறார். நேற்று ராத்திரி வந்த படத்தில் முகவரி சரியாகத்தான் இருந்தது. அவர் அழுத்தப் போன பட்டன்தான் மேக் கம்ப்யூட்டருக்கு உரியது.