ஃப்ளைட் சிமுலேட்டருக்கு எவ்ளோ எஸ்எஸ்டி வேணும்? மொதல்ல எந்த ரூட்ல பறக்கப் போறீங்கன்னு பாருங்க

தம்பிங்க ரெண்டு பேரு இந்த வாரம் ஒரே கேள்வி கேட்டாங்க, "அண்ணா, கம்ப்யூட்டர்ல ப்ளேன் ஓட்டற சிமுலேட்டருக்கு எஸ்எஸ்டி, அதான் அந்த வேகமான டிஸ்க், ஒரு டிபி போதுமா, இல்ல ரெண்டு டிபி வாங்கணுமா"ன்னு. கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர எடுத்து, அடுத்த ஆறு மாசம் எங்கேர்ந்து எங்க பறக்கப் போறீங்கன்னு எழுதுங்க, டிஸ்க்ல எடத்த முழுங்கறது ப்ளேன் இல்ல, கீழ தெரியற தரையோட படம்தான்.

ஒரு டிபின்னு டப்பால போட்டிருந்தாலும் விண்டோஸ்ல 931 ஜிபின்னுதான் காட்டும், கடைக்காரர் ஏமாத்தல, அவங்க ஆயிரம் ஆயிரமா எண்றாங்க, விண்டோஸ் 1024ஆ எண்ணுது. அதுல 15 சதவீதம் எப்பவும் காலியா விடுங்க, எஸ்எஸ்டி ரொம்பிப்போனா எழுதற வேகம் நல்லாவே கொறஞ்சிடும். ஆக கையில 790 ஜிபி, அதுல விண்டோஸும் மத்த சாமானும் நூறு எடுத்துக்கும்னு வைங்க, மிச்சம் 690தான் நெஜமான பட்ஜெட்.

இப்போ சிமுலேட்டர். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020க்கு அவங்களே 150 ஜிபி கேக்கறாங்க, 2024 வெர்ஷனுக்கு 50 போதும்னு சொல்றாங்க, ஏன்னா தரைப் படத்த எல்லாம் பறக்கும்போதே நெட்ல இழுத்துக்குது. அதுக்காக 2024தான் லேசுன்னு முடிவு பண்ணிடாதீங்க, நெட் போச்சுன்னா தரை மங்கலாயிடும், மழை நாள்ல நம்ம ஊர்ல நெட்டு எப்படி இருக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல. ரோலிங் கேஷ, அதாவது நெட்ல இழுத்த படத்த டிஸ்க்ல சேத்து வைக்கற எடத்த, கொஞ்சம் பெருசா வச்சீங்கன்னா அடிக்கடி பறக்கற ரூட் டிஸ்க்லயே நிக்கும். ஃப்ளைட்கியர்னு இன்னொரு சிமுலேட்டர் இருக்கு, அதுக்குக் காசே வேணாம், பறக்கற எடத்த மட்டும் எறக்கிக்கும், பழகறதுக்கு அருமை.

எக்ஸ்-ப்ளேன்ங்கற இன்னொரு சிமுலேட்டர் வச்சிருக்கற ஆளுங்களுக்குத்தான் இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். எக்ஸ்-ப்ளேன் உலகத்த ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி கட்டமா பிரிச்சு வச்சிருக்கு, நம்ம பாண்டி லாஸ்பேட்டை ரன்வே, கடலூர், நெய்வேலி, விழுப்புரம், சிதம்பரம் எல்லாமே +11+079ங்கற (அட்சரேகை 11, தீர்க்கரேகை 79) ஒரே கட்டத்துக்குள்ள, அதாவது ஒரே டைலுக்குள்ள வந்துடுது. பாண்டில ஏறி கடலோரமா சென்னை ஏர்போர்ட்டுக்குப் போனா மரக்காணம் பக்கம் +12+079, அப்புறம் கல்பாக்கம் மகாபலிபுரம் மேல +12+080, அவ்ளோதான், மூணே டைல்!

ஆர்த்தோ4எக்ஸ்பிங்கற சாஃப்ட்வேர்ல இந்த மூணுக்கும் போட்டோ தரை, அதாவது மேலேர்ந்து எடுத்த நெஜப் படத்துல செஞ்ச தரை, போடலாம். ஜூம் லெவல் 17ன்னா ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 1.2 மீட்டர், 4096க்கு 4096 பிக்சல் இருக்கற ஒரு டிடிஎஸ் படஃபைல் 11 எம்பி கிட்ட வரும், முழுத் தரையா இருக்கற ஒரு டைல் நான் கணக்குப் போட்டபடி 6 ஜிபி சுத்தி. ஒரு லெவல் ஏத்தி 18 வச்சீங்கன்னா நாலு மடங்கு, அதாவது 24 ஜிபி. அதனால எல்லாத்துக்கும் 18 போடாதீங்க, டைல் முழுக்க 17, ஏர்போர்ட்ட சுத்தி மட்டும் 18, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஏன்னா அஞ்சாயிரம் அடி மேலேர்ந்து யாரும் மாடி தொட்டிய எண்ணிப் பாக்கப் போறதில்ல. டைல் முடிஞ்சதும் ஆர்த்தோபோட்டோஸ் ஃபோல்டர்ல ஜேபெக் படமெல்லாம் அப்படியே தங்கிக் கெடக்கும், அத அழிச்சிடுங்க, என் மெஷின்ல அதுவே பல ஜிபி அடைச்சிட்டு இருந்துச்சு.

எதெத எங்க வைக்கறதுன்னா, சிமுலேட்டரும் இப்போ பறக்கற டைலும் வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டில, மத்த டைல் எல்லாம் அதவிட வேகம் கொறஞ்ச சாட்டா எஸ்எஸ்டில. அங்கேர்ந்து எக்ஸ்-ப்ளேனோட கஸ்டம் சீனரி ஃபோல்டருக்குள்ள ஒரு ஷார்ட்கட் போட்டா எக்ஸ்-ப்ளேன் எடுத்துக்கும், காப்பி பண்ண வேண்டியதில்ல. காசு குடுத்து வாங்கின ஆட்-ஆன் ஜிப் ஃபைல் எல்லாம் பழைய ஹார்ட் டிஸ்க்ல.

அப்டேட்டுக்கும் எடம் விடணும். நான் 9 ஜிபி காலி எடத்த வச்சுகிட்டு அப்டேட் அடிச்சேன், பாதில நின்னு சிமுலேட்டரே தொறக்கல, திருப்பி மொத்தத்தையும் எறக்கினேன், 150 ஜிபிங்கறது 40 எம்பிபிஎஸ் லைன்ல தடங்கலே இல்லன்னாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல. அதனால கொறஞ்சது 60 ஜிபி தனியா விடுங்க, எறக்கும்போது கரன்ட் போனா நிக்காம இருக்க ரவுட்டருக்கும் சேத்து ஒரு யூபிஎஸ் போடுங்க.

இன்னொண்ணு, கடலோரத்துல வீடு இருந்தா ஆட்-ஆன் வச்சிருக்கற அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்க சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட மூடின டப்பால போட்டு பரண் மேல வைங்க. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் முடிஞ்ச கையோட தென்பெண்ணைல வெள்ளம் வந்தப்போ தரையில இருந்த சிபியுவ தூக்கத்தான் எங்களுக்கு நேரம் இருந்துச்சு, பரண்ல இருந்த டிஸ்க் அப்படியே தப்பிச்சுது.

மூணு நாலு ரூட்டோட எக்ஸ்-ப்ளேனோ 2024ஓ ஏதாவது ஒண்ணுதான்னா ஒரு டிபி தாராளம். ரெண்டு சிமுலேட்டர், அதோட தமிழ்நாடு முழுக்க போட்டோ தரைன்னு ஆசை இருந்தா ரெண்டு டிபிக்குப் போங்க.